‘நான் சாது’ என்று சொன்னால் பத்திரம் ரத்தாகுமா?

வாசகியின் கேள்வி:

எனக்கு 41 வயது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, அங்கே மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். அப்பா 2021இல் கொரோனாவில் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அவர் உழைத்து வாங்கிய வீடும் ஒரு ஏக்கர் அறுபது சென்ட் தோட்டமும் இருக்கின்றன. வாரிசுகள் அம்மா, இரண்டு அண்ணன்கள், நான். அப்பா போன பிறகு வரி, பட்டா, வங்கி எல்லாவற்றையும் பெரிய அண்ணன்தான் பார்த்தார். என் ஆதார் நகல்கூட அவரிடம்தான் இருக்கும். ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது, “நீ பங்குன்னு வந்து நின்னா நான் மருந்தக் குடிச்சிருவேன்” என்று அம்மா அழுதார். அடுத்த தை மாதம், “பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துதான்” என்று அண்ணன் கார் அனுப்பினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, விரல் வைத்து, போட்டோவுக்கு முகம் காட்டிவிட்டு வந்துவிட்டேன். உள்ளுக்குள் என்னவோ உறுத்தியது. கேட்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் தோட்டத்தை விலை பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், என் பாகத்தை அண்ணன்களுக்கு விடுதலை செய்து கொடுத்ததாக இருக்கிறது. பத்துப் பைசா வாங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சாது. ‘வாயில்லாப் பூச்சி’ என்பார்கள் சொந்தத்தில். ‘எடுப்பார் கைப்பிள்ளை’ என்று என் கணவர் திட்டுகிறார். அவர் ஒரு வக்கீலைப் பார்த்துப் பேசிவிட்டார். “நீ ஒண்ணும் பேச வேண்டாம், எம்பேருக்குப் பவர் எழுதிக் குடு, நான் பாத்துக்கிறேன்” என்கிறார். என் சுபாவம் இப்படித்தான் என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு பத்திரத்தை ரத்து செய்யுமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

சகோதரி, முதலில் கேட்டதற்குப் பதில். சாது என்பதற்காக மட்டும் எந்த நீதிமன்றமும் பதிவான பத்திரத்தை ரத்து செய்யாது. ஆனாலும் உங்களிடம் வழக்கு இருக்கிறது. அது உங்கள் சுபாவத்தைப் பற்றி எழுதிய வரிகளில் இல்லை. வரியும் பட்டாவும் வங்கியும் பெரிய அண்ணன் பார்த்தார், பணம் வாங்கவில்லை என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அங்கே இருக்கிறது.

எதை இழந்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. உங்கள் வீட்டில் நாலு பேர், ஆளுக்கு நாலில் ஒரு பங்கு. கட்டிக்கொடுத்த பெண், சீர் வாங்கிய பெண் என்ற பேச்சுக்கு இதில் இடமே கிடையாது. சொத்தில் ஏதாவது தாத்தா வழியில் வந்தது என்று தெரியவந்தால் கணக்கு மாறும். அப்போதும் நீங்கள் வெறுங்கையோடு போக மாட்டீர்கள். மகளும் பிறப்பாலேயே பங்காளிதான் என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இப்போது ‘சாது’ விஷயத்துக்கு வருகிறேன். கீழமை நீதிமன்றங்களில் தாக்கலாகும் பத்திர ரத்து வழக்குகளின் பிராதுகளை, அதாவது வாதி தரப்பு வழக்கு மனுக்களை, படித்தால் முதல் பக்கத்திலேயே இப்படி ஒரு வரி வரும்: “வாதி உலக அனுபவம் இல்லாத, வெகுளியான, பிறர் சொல்வதை அப்படியே நம்பிவிடும் சுபாவமுள்ள அப்பாவிப் பெண்மணி ஆவார்.” வக்கீல் குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் இது ஏற்கெனவே தயாராக இருக்கும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு அச்செடுப்பார்கள். எங்கள் தொழிலில் ஊறிப்போன சோம்பேறித்தனம் இது. இந்த வரியைப் படித்து எந்த நீதிபதியும் உருகியதாக எனக்குத் தெரியவில்லை.

உருகக் கூடாது என்றே சட்டமும் சொல்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 6ஆம் ஆணை, 4ஆம் விதி என்று ஒன்று உண்டு. மோசடி என்றோ, மனத்தை ஆட்டிவைத்துக் காரியம் சாதிக்கும் ‘தகாத செல்வாக்கு’ என்றோ சொல்கிறவர், யார், எப்போது, என்ன செய்தார் என்ற விவரங்களைப் பிராதிலேயே எழுதியாக வேண்டும். 1951இல் பிஷுண்தேவ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் அழுத்திச் சொன்னது. எவ்வளவு பலமான வார்த்தைகளைப் போட்டு எழுதினாலும், பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டை நீதிமன்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. தகாத செல்வாக்குக்கும் மிரட்டலுக்கும் இதே கதிதான். அப்பாவி, வெகுளி, வாயில்லாப் பூச்சி எல்லாமே இந்தப் பொத்தாம் பொதுக் கணக்கில் வந்துவிடும்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. இந்த வார்த்தைகள் உங்களுக்கே எதிராகத் திரும்பும். குறுக்கு விசாரணை எப்படிப் போகும் என்று இப்போதே எழுதிக் காட்டிவிடலாம்.

“பன்னிரண்டாவது வரை படிச்சிருக்கீங்க?”

“ஆமாங்க.”

“மகளிர் குழுவுக்கு நீங்கதான் கணக்கு எழுதறீங்க. தீர்மான நோட்டும் நீங்கதான்?”

“ஆமாங்க.”

“பேங்க்ல குழுக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது படிச்சுப் பார்ப்பீங்களா, மாட்டீங்களா?”

“படிப்பேங்க.”

“அப்படின்னா வெகுளி, உலகம் தெரியாதவங்கன்னு பிராதுல எழுதியிருக்கிறது பொய்னு சொல்றேன்.”

இதற்கு என்ன சொன்னாலும் ஒரு பக்கம் அடிபடும். ஆமாம் என்றால் மற்றதும் பொய்யாக இருக்குமோ என்று நீதிபதிக்குத் தோன்றும். இல்லை என்றால் குழுவின் தீர்மான நோட்டை எடுத்துக் காட்டுவார்கள், உங்கள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்துகொண்டே அண்ணன் முன்னால் வாய் திறக்காமலும் இருக்க முடியும். வீட்டில் பார்க்கிற நமக்கு அது புரியும். குறுக்கு விசாரணையில் அதை விளக்க உங்களை விடமாட்டார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும், வீட்டைவிட்டு வெளியே வராமல் திரைக்குள் வாழ்ந்த பெண்களுக்கும் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகவே தனிப் பாதுகாப்பு கொடுத்து வருகின்றன. அவர்கள் விஷயத்தில், பத்திரத்தின் உள்ளடக்கம் புரிந்துதான் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பத்திரத்தால் பலனடைந்தவர்தான் நிரூபிக்க வேண்டும். “படிக்கத் தெரியாதுன்னு சொல்லிடலாம்மா” என்று யாராவது இதை மனதில் வைத்து உங்களுக்கு யோசனை சொல்லக்கூடும். கேட்காதீர்கள். மேலே எழுதிக் காட்டிய நாலு கேள்விக்குள் அது சந்தி சிரித்துவிடும்.

சரி, என்னதான் எடுபடும்? உங்கள் கணவர் கோபத்தில் சொன்ன வார்த்தையில் ஒரு நுனி இருக்கிறது. சாது என்பது ஒருவருடைய குணம், அதற்கு இன்னொரு ஆள் தேவையில்லை. எடுப்பார் கைப்பிள்ளை என்றால் எடுக்க ஒருவர் இருந்தாக வேண்டும். 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தேடுவது அந்த எடுத்த ஆளைத்தான். அது மூன்று கேள்வி கேட்கிறது. ஒருவருடைய மனத்தை இன்னொருவர் ஆட்டிவைக்கும் நிலையில் இருந்தாரா? அந்த நிலையைப் பயன்படுத்தினாரா? அதனால் நியாயமில்லாத ஆதாயம் அடைந்தாரா? மூன்றுக்கும் ஆமாம் என்று வர வேண்டும்.

நம்ம பக்கத்து வழக்கு ஒன்று இருக்கிறது. சென்னை மாகாணத்திலிருந்து, அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1919இல் முடிந்த பூசாத்துரை எதிர் கண்ணப்பச் செட்டியார் வழக்கு. ஒருவர் இன்னொருவரை நம்பி யோசனை கேட்கும் உறவு இருந்தது, யோசனை சொன்னவருக்கு அடுத்தவர் மனத்தைத் திருப்பும் பலமும் இருந்தது என்று நிரூபித்தால் மட்டும் போதாது. அதுவரைக்கும் அது வெறும் செல்வாக்குதான், அந்தச் செல்வாக்கு நல்லதற்கும் பயன்படலாம் என்றார்கள். அதைத் ‘தகாத’ செல்வாக்கு என்று சொல்ல அதற்கு மேலும் ஏதாவது காட்ட வேண்டும். நூறு வருஷம் தாண்டியும் வக்கீல்கள் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து வைக்கிறோம். 1966இல் சுபாஷ் சந்திர தாஸ் முஷீப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ரத்த உறவு என்ற ஒன்றை வைத்தே தகாத செல்வாக்கை ஊகித்துக்கொள்ள முடியாது என்றது. எனவே ‘அண்ணன் சொன்னார், தட்ட முடியவில்லை’ என்பதோடு நிறுத்தினால் தோற்றுப்போவீர்கள்.

அதைத் தாண்டி உங்களிடம் இருப்பதைப் பார்க்கலாம். அப்பா இறந்த நாளிலிருந்து உங்கள் பங்கு உட்பட எல்லாச் சொத்தையும் பெரிய அண்ணன்தான் நிர்வாகம் செய்தார். உங்கள் ஆதார் நகலே அவர் கையில். சட்டம் இதை நம்பிக்கைப் பொறுப்பு உள்ள உறவாகப் பார்க்கும். அந்த உறவில் இருந்துகொண்டு, நாலில் ஒரு பங்கை ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் எழுதி வாங்கியிருக்கிறார். பார்த்த மாத்திரத்திலேயே நியாயமில்லாதது என்று தெரிகிற கொடுக்கல் வாங்கல் இது. இவை இரண்டும் சேர்ந்துவிட்டால் 16ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு நிரூபிக்கும் சுமையைத் தூக்கி எதிர்த் தரப்பின் தலையில் வைத்துவிடும். தகாத செல்வாக்கு இல்லாமல்தான் கையெழுத்து வாங்கினோம் என்று அண்ணன்கள்தான் காட்ட வேண்டும். நீங்கள் சாதுவா, சண்டைக்காரியா என்ற பேச்சுக்கே அங்கே வேலை இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்த இடம் இன்னொன்று. பட்டா மாற்ற என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள் என்கிறீர்கள், அது ஏமாற்று. அம்மா சாகப்போவதாக மிரட்டினார் என்கிறீர்கள், அது நெருக்கடி. உள்ளுக்குள் உறுத்தியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவசரக்கார வக்கீல் ஒருவர் மூன்றையும் ஒரே பிராதில் போட்டு, ‘விடுதலைப் பத்திரம் என்றே தெரியாது’ என்று ஒரு பத்தியிலும், ‘மிரட்டியதால் விடுதலை செய்து கொடுத்தேன்’ என்று அடுத்த பத்தியிலும் எழுதிவிடுவார். எதிர்த் தரப்புக்கு அதைவிட நல்ல தீனி கிடைக்காது. தெரியாமல் போட்டவருக்கு மிரட்டல் எதற்கு? மிரட்டலுக்குப் பயந்து போட்டவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

நடந்ததை நான் இப்படி ஊகிக்கிறேன், தவறாக இருந்தால் உங்கள் வக்கீலிடம் திருத்திச் சொல்லுங்கள். தீபாவளிக்கு அம்மா அழுத பிறகு, தை மாதம் கார் வந்தபோது, இது வெறும் பட்டா விஷயம் இல்லை என்று உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் மறுக்க வேண்டிவரும், மறுத்தால் அம்மா என்ன செய்வாரோ. அதனால் கேட்கவில்லை. இந்தப் பாதி தெரிந்த நிலைக்கு மோசடி என்ற பெயர் சரியாகப் பொருந்தாது. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவிலும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. சும்மா இருந்து மறைத்தது, அல்லது தவறாக எடுத்துரைத்தது என்ற காரணத்துக்காக ரத்து கேட்டால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்குமே என்று சொல்லித் தள்ளிவிட வழி உண்டு. படிக்கத் தெரிந்த பெண் படிக்கவில்லை என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். தகாத செல்வாக்கில் அந்தத் தொல்லை இல்லை. என்ன பத்திரம் என்று ஓரளவு தெரிந்திருந்தாலும், மறுக்கும் நிலையில் நான் இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். ‘தெரியவே தெரியாது’ என்று சாதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வழக்கின் முதுகெலும்பு 16ஆம் பிரிவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. பட்டா என்று சொன்னதை அந்தச் செல்வாக்கைப் பயன்படுத்திய விதமாக உள்ளே வைத்தால் போதும்.

அம்மா சொன்னதைப் பற்றிக் கொஞ்சம். இது போன்ற மிரட்டல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் புதிது இல்லை. 1917இல் அம்மிராஜு எதிர் சேஷம்மா என்று ஒரு வழக்கு. தற்கொலை செய்துகொள்வேன் என்று கணவன் மிரட்டி, மனைவியையும் மகனையும் தன் சகோதரருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வைத்தான். மிரட்டி வாங்கிய சம்மதம் செல்லாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள், ஒருவர் மாறுபட்டார். அதற்கும் முன்னால் 1889இல் ரங்கநாயகம்மா வழக்கு. பதின்மூன்று வயது விதவை. ஒரு பையனைச் சுவீகாரம் எடுக்கச் சம்மதித்தால்தான் கணவனின் பிணத்தை எடுக்க விடுவோம் என்று சொந்தக்காரர்கள் வீட்டில் மறித்து நின்றார்கள். அந்தச் சுவீகாரம் அந்தப் பெண்ணைக் கட்டுப்படுத்தாது என்றது உயர் நீதிமன்றம். அந்தப் பெண் சாதுவா இல்லையா என்று யாரும் ஆராயவில்லை, வாசலில் என்ன நடந்தது என்றுதான் பார்த்தார்கள்.

அம்மிராஜு தீர்ப்பு கையில் இருக்கிறதே என்று அதையே நம்பி நிற்கவும் வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் ‘மிரட்டல்’ என்று சொல்வது தண்டனைச் சட்டம் தடுத்த செயலைச் செய்வதாகப் பயமுறுத்துவதையும், சட்டத்துக்குப் புறம்பாகச் சொத்தைப் பிடித்து வைப்பதையும்தான். பழைய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு அப்படியே இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும்தான் குற்றம். எதிர்த் தரப்பு இதை எடுத்து வாதாடலாம். ஆகவே அம்மாவின் பேச்சையும் 16ஆம் பிரிவின் கீழ், மனம் நொந்த நிலையில் உங்களை வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்றாக வைப்பதே பாதுகாப்பு. அம்மா அழுதபோது கூட யார் இருந்தார்கள் என்று யோசித்து எழுதி வையுங்கள்.

அடுத்தது அந்தப் பத்திரம். வில்லங்கச் சான்றில் எண் கிடைத்துவிட்டது, அதை வைத்துச் சான்றிட்ட நகல் வாங்குங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். வந்ததும் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். கடைசிப் பக்கத்துப் பக்கமாக இப்படி ஒரு வாசகம் இருக்கும்: “யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடும் பூரண சம்மதத்தோடும் மனப்பூர்வமாக எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம்.” பத்திர எழுத்தர் எல்லாப் பத்திரத்திலும் போடும் வரிதான், பயப்பட வேண்டாம். பிராதில் ‘அப்பாவிப் பெண்மணி’க்கு எவ்வளவு மதிப்போ, இதற்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

உன்னிப்பாகப் பார்க்க வேண்டியவை வேறு. முத்திரைத்தாளில் விற்பனை முகவர் தேதியையும் வாங்கியவர் பெயரையும் எழுதியிருப்பார். அண்ணன் உங்களுக்குப் போன் செய்வதற்குப் பல நாள் முன்பே அண்ணன் பெயரில் தாள் வாங்கியிருந்தால் அது பெரிய விஷயம். எழுதிக் கொடுக்கும் நீங்கள் வாங்கவில்லை, எழுதி வாங்குகிறவர் முன்கூட்டியே தயாராக இருந்திருக்கிறார். சாட்சிகள் இரண்டு பேர் யார்? அண்ணனின் கூட்டாளிகளா, உங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது உண்டா? உங்கள் கணவருக்குத் தெரியாமல் ஏன் நடந்தது? தயாரித்தவர் என்று யார் பெயர் இருக்கிறது, அவரை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? பிரதிப்பயனாக, அதாவது விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, ஒரு தொகையை ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று போட்டிருந்தால், அந்த மாதத்துக்கு முன்னும் பின்னுமாக உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வையுங்கள். பத்திரத்தில் எழுதியதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் சொல்லக் கூடாது என்று பொதுவிதி இருந்தாலும், பணம் கைமாறவே இல்லை என்று காட்டுவதற்கு அது தடையில்லை. அண்ணன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். ‘பட்டா’ என்ற சொல் உள்ள ஒரு குரல் பதிவு கிடைத்தால் உங்கள் வக்கீல் சந்தோஷப்படுவார்.

இனி அவசரமான பகுதி. பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்கை மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தின் 59ஆம் உறுப்பு, ரத்து கேட்க உரிமை தரும் விவரங்கள் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடச் சொல்கிறது. போன மாதம் வில்லங்கம் பார்த்தபோதுதான் தெரிந்தது என்று நீங்கள் சொல்லலாம். கையெழுத்துப் போட்ட அன்றே தெரியும் என்று அவர்கள் சொல்வார்கள். பாதி தெரிந்திருந்தது என்பதை மறைக்காமல் வழக்கு நடத்தப்போகிறீர்கள் என்றால், கையெழுத்து நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது நல்லது. அப்படிப் பார்த்தால் இன்னும் ஒரு வருஷத்துக்குக் கிட்டத்தட்டத்தான் பாக்கி. ‘பெரியவங்க பேசி முடிக்கட்டும்’ என்று சித்திரைத் திருவிழாவுக்கும் ஆடிக்கும் தள்ளிக்கொண்டே போவார்கள். உங்களைப் போன்றவர்களிடம் காலத்தைக் கடத்துவது சுலபம் என்று அவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்தை விலை பேசுகிறார்கள் என்பதால் ஒரு வருஷம்கூடக் காத்திருக்க முடியாது. தகாத செல்வாக்கில் எழுதிய பத்திரம் தானாகவே செல்லாததாகிவிடாது, நீங்கள் கேட்டு ரத்து செய்ய வேண்டியது அது. அதற்கு முன் ஒன்றும் அறியாத ஒருவர் நியாய விலை கொடுத்து வாங்கிவிட்டால் சிக்கல் பெரிதாகும். வழக்குத் தாக்கலாகி நிலுவையில் இருக்கும்போது வாங்குகிறவர் அந்த வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே முதலில் வக்கீல் நோட்டீஸ், கூடவே விலை பேசுகிறவருக்கும் ஒரு நகல். பிறகு பத்திர ரத்து, பாகப்பிரிவினை இரண்டையும் கேட்டு வழக்கு, அதிலேயே விற்கக் கூடாது என்று இடைக்காலத் தடை மனு. சார்பதிவாளர் அலுவலகத்தில் நீங்கள் மட்டும் போய் ஒரு ரத்துப் பத்திரம் பதிந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்காதீர்கள். ஒரு தரப்பு மட்டும் ரத்துப் பத்திரம் பதியும் பழக்கத்தைச் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2011இலேயே கிரயப் பத்திர வழக்கொன்றில் கண்டித்திருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போனால், சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவலை இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்த பத்திரத்தை நீங்களே ரத்து கேட்பதால் சொத்தின் மதிப்பை ஒட்டி நீதிமன்றக் கட்டணம் வரும். தமிழ்நாட்டில் 7.5 விழுக்காடாக இருந்ததை 2017இல் 3 விழுக்காடாகக் குறைத்தார்கள், இருந்தாலும் தோட்டத்து மதிப்புக்கு அது சின்னத் தொகை இல்லை. 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

வழக்குக்கு முன்பே சமரசம் பேச அழைக்கும்படி அதே அலுவலகத்தில் மனுவும் கொடுக்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தைவிட இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஊரில் உட்கார்ந்தால் ‘அது சாதுப் புள்ள, சொன்னா கேட்டுக்கும்’ என்ற பேச்சிலேயே ஆரம்பிப்பார்கள். உங்களைப் புகழ்வது போலத் தோன்றும். அந்தப் பேச்சை வைத்துத்தான் இவ்வளவு நாள் காரியம் நடந்திருக்கிறது. சமரசத்தில் அண்ணன்கள் இறங்கி வந்தால், உங்கள் பங்கை முறையான பத்திரமாக எழுதிப் பதிந்து கொடுக்கட்டும், அல்லது மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதியட்டும். அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ‘பிறகு பாத்துக் குடுக்கிறோம்’ என்றால் அது சமரசம் இல்லை. உறவு கெட்டுவிடுமே என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. அதற்கு என்னால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. சில வீடுகளில் நோட்டீஸ் போன பிறகுதான் அண்ணன்மார் தங்கையை மதித்துப் பேச ஆரம்பிக்கிறார்கள். சில வீடுகளில் அம்மா சாவுக்குக்கூடச் சொல்லி அனுப்புவதில்லை. அம்மாவுக்கும் நாலில் ஒரு பங்கு உண்டு, அதையும் எழுதி வாங்கிவிட்டார்களா என்று வில்லங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கியிருந்தால் அம்மா இப்போது யாரை நம்பி இருக்கிறார் என்பது உங்களுக்குப் புரியும், அவர் மேலுள்ள கோபமும் கொஞ்சம் குறையலாம்.

கடைசியாக உங்கள் கணவர் கேட்கும் பவர். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்று சொல்லுங்கள். சட்டக் காரணம் ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு நேரடியாகத் தெரிந்த விஷயத்தை அவருக்குப் பதிலாகப் பவர் ஏஜென்ட் சாட்சி சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கில் எல்லாமே உங்கள் மனத்தில் என்ன நடந்தது என்பதைப் பற்றியதுதான். தீபாவளியன்று கூட இல்லாத, பதிவு அலுவலகத்துக்கும் வராத உங்கள் கணவரால் அதில் ஒரு வரிகூடச் சொல்ல முடியாது. நீங்கள் கூண்டேறாமல் இருந்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. எனவே பவர் எழுதிக் கொடுத்தும் பயன் இல்லை. அதில் ‘சொத்தை விற்க, கிரயம் பேச’ என்று ஒரு வரி இருந்துவிட்டால், நாளைக்கு மீட்கும் பங்கு எந்தப் பெயரில் போகும் என்பதும் உங்கள் கையில் இருக்காது. அண்ணன் பேச்சைக் கேட்டுக் கையெழுத்துப் போட்டவர் இப்போது கணவர் பேச்சைக் கேட்டு வழக்குப் போடுகிறார் என்று எதிர் வக்கீல் ஒரு வரி சொன்னால், அதற்கும் பதில் வேண்டும்.

அவர் பார்த்து வைத்த வக்கீலையே வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் அவரிடம் நீங்கள் தனியாக உட்கார்ந்து பேசுங்கள், கணவர் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருக்கட்டும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் அதிலுள்ள அதிகாரங்களைப் படியுங்கள், குறிப்பாகச் சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் பற்றிய வரியை. உங்களைக் கேட்காமல் சமரசம் கூடாது என்று வக்கீலிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிராது அச்சாகி வந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு ராத்திரி வைத்திருந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்று கேளுங்கள். குழுக் கணக்கைச் சரிபார்ப்பது போலத் தேதி தேதியாகப் பாருங்கள். முதல் பக்கத்தில் ‘வெகுளியான அப்பாவிப் பெண்மணி’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தீபாவளித் தேதியையும், கார் வந்த தேதியையும், முத்திரைத்தாள் வாங்கிய தேதியையும் போடச் சொல்லுங்கள்.